ஹ்னினோடு போனவனுக்கு

வாப்பா, என் மகனே, இந்தக் கடிதத்தை நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கப் போகிறாய். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு வாக்கியம் தமிழ், அப்புறம் பர்மிய மொழியில் குடுகுடுவென்று ஓடிவிடுகிறாய். நான் மடக்கிக் கேட்டால் "லைன் சரியில்ல உம்மா" என்று ஒரு சாக்கு. தாளில் அப்படி ஓட முடியாது. லகரமும் ளகரமும் காலைத் தடுக்கும், ஒவ்வொரு வரியாகத்தான் வருவாய். மெதுவாகவே வா. இங்கே நம் பசுந்தாங் பேட்டையில் விடாத மழை, தெருவில் கணுக்கால் தண்ணீர், எனக்கும் ஒன்றும் அவசரமில்லை. எதிர்வீட்டு டோ மியாவின் மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்படுகிறாள். அவள் பெட்டியில் உனக்கு ஒரு பாட்டில் இறால் பாலாச்சங்கும் இந்தக் கடிதமும் வருகின்றன. நீ பாலாச்சங்கைத்தான் முதலில் திறப்பாய், எனக்குத் தெரியாதா! தின்றுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, இதை எடு.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "வர்ற குளிருக்கு என்னை மலைக் குழுவுல சேரச் சொல்றாங்க உம்மா. தினமும் ஏறிப் போய் எந்தப் பக்கத்துப் பனி நிக்கும், எது பேந்து விழும்னு பாத்துக் கொடி நடணும். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா நான் ஏறவே மாட்டேன், கிச்சன்லயே இருந்துக்குறேன்" என்றாய். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கேமராவைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பக்கத்தில் இருந்த உன் வாப்பாவிடம் "நீங்க சொல்லுங்க" என்றேன். அந்த மனிதர் லோன்ஜியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நீயாச்சு ஒன் மகனாச்சு" என்று எழுந்து போய்விட்டார். சுலபமான காரியமென்றால் முன்னால் நிற்பார், இந்த மாதிரி வந்தால் நான்தான் ஆள். ஆக, நீ ஏறுவதும் ஏறாததும் என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எத்தனையோ நாளாகச் சோறு வடிக்கும்போதும் அதே நினைவு, தொழுது முடித்துக் கையேந்தினாலும் அதே நினைவு.

பதிலுக்கு முன்னால் போன குளிர்காலத்தில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் பக்கத்துக் கதை எனக்குத் தெரியும். என் பக்கத்துக் கதையை உன் வாப்பா உன்னிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் பாதிதான் சொன்னார். நீ ஹோட்டல் சமையல்கட்டில் தட்டுக் கழுவுகிறாய் என்றுதானே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? நீ அப்படித்தானே சொன்னாய்? வீடியோவில் வந்தால் கையில் ஒரு தட்டு, முதுகுக்குப் பின்னால் ஜன்னல் நிறைய வெள்ளை. "பனியா வாப்பா?" என்பேன். "ஆமா உம்மா, பனிதான்" என்பாய். "காதை மூடு, தலையில ஒரு துண்டைக் கட்டு, நெஞ்சுல சளி கோத்துக்கும்" என்பேன். நீ தலையாட்டிச் சிரிப்பாய். என்ன செய்ய, புல்லில் நிற்கிற பொட்டுத் தண்ணீருக்கும் பனி, விடியற்காலையில் கழிமுகத்தை மூடுகிற புகைக்கும் பனி, ஆளை விழுங்குகிற மலைப் பனிக்கும் பனி. நம் மொழியில் மூன்றுக்கும் ஒரே சொல். எனக்குத் தெரிந்தது முதல் இரண்டும்தான்.

அன்றைக்கும் காலையில் பசுந்தாங்கில் நல்ல பனி. எதிர் மாடியில் தொங்குகிற கயிறுகூடத் தெரியவில்லை. வெயில் வந்து அது கலைந்த பிறகு, தாகேதாக்காரப் பையன், உன்னோடு அங்கே வேலை செய்கிறானே கோ ஸோ, அவன் ஒரு குரல் செய்தி அனுப்பினான். மூச்சு வாங்கப் பேசினான். "அன்டி, கவலைப்படாதீங்க" என்று ஆரம்பித்து உன் பேரைச் சொல்லி, "ஹ்னின் நெ பாத்வா தெ" என்றான். அதோடு முடிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கரண்டும் போனது, வைஃபையும் போனது. உன் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், அணைத்து வைத்திருந்தது. ஹ்னினோடு போய்விட்டான்! பர்மாவில் ஹ்னின் என்று பேர் வைத்த பெண்பிள்ளைகளுக்கா பஞ்சம்? நம் மாடிப்படியிலேயே இரண்டு ஹ்னின் இருக்கிறார்கள். அந்த மொழியிலும் நம்மைப் போலவேதான்: புல்லில் நிற்பதும் ஹ்னின், புகையும் ஹ்னின், மலையில் விழுவதும் ஹ்னின். தட்டுக் கழுவுகிற பையனை மலைப் பனி கொண்டுபோகும் என்று எந்தத் தாய் நினைப்பாள்? ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான், அதனால்தான் போனை அணைத்து வைத்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அடப்பாவி, எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே! கதவைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை. லைன் கார் பிடித்து லத்தாவில் நம் துணிக்கடைக்குப் போய் நின்றேன். வழியெல்லாம் அந்தப் பெண்ணை வைதுகொண்டே போனேன், அதுவும் வாய்விட்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். கடையில் உன் வாப்பா ஒரு ஆளுக்கு லோன்ஜி மடித்துக்கொண்டிருந்தார். "கேட்டீங்களா, உங்க மகன் ஹ்னின்ங்கிற ஒருத்தியோட ஓடிட்டான்" என்றேன். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மடித்த லோன்ஜியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ், வாயத் தொறந்து பேசவே யோசிக்கிற பய, அவனுக்கும் ஒருத்தி கெடச்சிட்டாளே!" என்றார். "சிரிக்கிறீங்களா? நம்ம ஜனத்துல பொண்ணே இல்லையா? எந்த வீட்டுப் புள்ளையோ, என்ன வழக்கமோ" என்று நான் கத்த, "நீ மொதல்ல ஒக்காரு, தண்ணி குடி. அவளுக்கு ரெண்டு கையி ரெண்டு காலு இருக்கும்ல? அது போதும்" என்றார். லோன்ஜி வாங்க வந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் அவர் உனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன், மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தேன், கோபம் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் அந்தப் பெண் நின்றாள். பொய்யில்லை, வாப்பா, கண்ணுக்கு நேரே நின்றாள். வட்டமான முகம், கன்னத்தில் தனகாப் பூச்சு, குளிரில் சிவந்த மூக்கு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு, பெற்றவளைக் கூப்பிடுகிற மாதிரி அமே என்றாள். நான் விறைப்பாகத்தான் இருந்தேன். ஆனால் உனக்கு அங்கே காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒருத்தி இருக்கிறாள் என்று தோன்றியதும் விறைப்பு எங்கே நிற்கும்? கலிமா சொல்லிக் கொடுக்கலாம், நிக்காஹ்வை ஒழுங்காகச் செய்யலாம், தேங்காய்ச் சோறு ஆக்கப் பழக்கலாம், பேரை மட்டும் மாற்ற வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்று என்னென்னவோ ஓடியது. உனக்குப் பெண் பிள்ளை பிறந்து, அது என்னைப் பர்மியத்தில் திட்டுகிற வரைக்கும் போய்விட்டேன். எழுந்து அலமாரியில் அவளுக்கு இடுப்பில் கட்ட ஒரு தமெய்ன் தேடினேன். பருத்தித் துணிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பட்டு, ஓரத்தில் சாம்பல் நிற அலை நெசவு. அதை இழுத்தேன். வழுவழுப்பான துணி அல்லவா, அதற்கு மேலே இருந்த அடுக்கு முழுக்க அதன்மேல் வழுக்கிக்கொண்டு என் தலையில் வந்து விழுந்தது. நான் துணிக்குள் உட்கார்ந்து சிரிக்கிறேன், உன் வாப்பா கையைக் கொடுத்துத் தூக்குகிறார், அவரும் சிரிக்கிறார். பல வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சேர்ந்து சிரித்ததில்லை. அந்தப் பட்டை இடுப்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் உயரம் என்ன இருக்கும் என்று கேட்கத்தான் திரும்பினேன், போன் அடித்தது.

கோ ஸோதான். நான் அவனைப் பேசவே விடவில்லை. "எல்லாம் தெரியும் தம்பி. அந்த ஹ்னின் யாரு, எந்த ஊரு? அத மட்டும் சொல்லு" என்றேன். அவன், "அன்டி, ஹ்னின்னா ஹ்னின்தான் அன்டி... வானத்துல இருந்து விழுதே, அந்த ஹ்னின்" என்றான். எனக்கு அப்போதும் புரியவில்லை. மலைச் சரிவில் பனி பேர்ந்து, எனக்குச் சொல்லாமல் ஏறிப் போன உன்னையும் இன்னொரு பையனையும் கொண்டுபோய்விட்டது என்றான். உன்னைத் தோண்டி எடுத்து ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை என்றான். யா அல்லாஹ்! அந்தத் துணி என் இடுப்பில் இருந்தது. அதை எடுத்துக் கீழே வைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகுதான் நீ கண் திறந்த செய்தி வந்தது. அது வரைக்கும் உன் வாப்பா கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதிலிருந்து, வாப்பா, அந்தப் பெண் என் வீட்டை விட்டுப் போகவில்லை. இந்த மழைக்காலத்தில் பகல் தூக்கம் அதிகமாகிவிட்டது எனக்கு. மழைச் சத்தத்தில் கண் சொருகினால் போதும், பசுந்தாங்கில் பனி விழுகிறது. நீ இருக்கிற இடத்துப் பனி. சத்தமே இல்லை. லைன் கார்களின் கூரையில், கம்பியில் உட்கார்ந்த புறாக்களின் முதுகில், கழிமுகத்துப் படகுகளில், நம் மாடியில் காய்கிற துணிகளில் எல்லாம் வெள்ளை ஏறிக்கொண்டே போகிறது. தெருவில் ஒரு காலடி இல்லை. அதன் நடுவில் அவள் வெறுங்காலோடு போகிறாள். அவள் நடந்த இடத்தில் தடம் விழுவதில்லை. எங்கே போகிறாய் பெண்ணே என்று கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்த்து அழகாகச் சிரிக்கிறாள். பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். கூடவே போய்விடலாம் போல ஒரு சுகம். அப்புறம் கீழே பிள்ளைகள் "மீ லாபீ" என்று கத்துவார்கள், கரண்ட் வந்து மின்விசிறி சுற்றும், நான் வேர்வையோடு எழுந்து உட்காருவேன். நீ ஏன் அங்கே ஏறுகிறாய் என்று அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் புரிகிறது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மருமகளைப் பற்றி விசாரிக்காத மாமியார் உண்டா? நீ கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த நாட்களில் உன்னிடம் துருவித் துருவிக் கேட்டேன், மிச்சத்தை டோ மியாவின் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். இப்போது அந்த ஹ்னினின் குணம் எனக்கு ஓரளவு தெரியும். விழுகிற பனியெல்லாம் ஒரே பனி இல்லை, அடுக்கடுக்காக உட்காருகிறது. அடியில் எங்கோ ஒரு அடுக்கு, ஒட்டாமல், சர்க்கரை மாதிரிப் பொலபொலவென்று கிடக்கும். மேலே எத்தனை கனம் சேர்ந்தாலும் அது சொல்லாது. ஒரு ஆள் கால் வைத்ததும் மேலே இருப்பது முழுக்க அதன்மேல் வழுக்கிக்கொண்டு வரும். இதை நீ விளக்கியபோது, "போதும், எனக்குத் தெரியும்" என்றேன், நினைவிருக்கிறதா? உன் வாப்பா கடை அலமாரி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. அதற்கு மேல் உன்னைப் பேச விட முடியவில்லை.

உன்னிடம் கற்றதை உனக்கே சொல்கிறேன், சிரிக்காதே. புயல் முடிந்து வானம் நீலமாகத் திறக்கிற முதல் நாளை நம்பாதே. அன்றைக்குத்தான் அவள் மிக அழகாக இருப்பாள், அன்றைக்குத்தான் எல்லாரும் ஏற ஓடுவார்கள். காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும், குவிந்த பக்கம் வழவழவென்று இருக்கும், அதில் கால் வைக்காதே. காலுக்கு அடியில் வும் என்று ஒரு சத்தம் கேட்டால், கீறல் ஓடினால், அது அவள் உனக்குச் சொல்கிற கடைசி வார்த்தை என்று நினைத்துக்கொள். குழி தோண்டி அடுக்கைப் பார்க்காமல் போகாதே. ஒருவர் கடக்கும்போது மற்றவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாமே, அதைச் செய்யுங்கள். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தல்லவா போனீர்கள்? திரும்பி வருவதில் என்ன வெட்கம்? வெளியூர் விருந்தாளிக்கு ஆசையாக இருக்கும், முதலாளிக்கு அவசரம் இருக்கும், கூட வருகிறவன் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். நீ பயந்தாங்கொள்ளிதான், பசுந்தாங்கில் பிறந்தவன், பூனையைக் கண்டு நாற்காலியில் ஏறியவன் என்று சொல்லிவிட்டு இறங்கி வா.

அந்த இன்னொரு பையனைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசுவதே இல்லை. அவனை எடுக்கும்போது நேரம் கடந்துவிட்டது. அவன் இடத்துக்குத்தான் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நீ சொல்லவில்லை, கோ ஸோதான் சொன்னான். அவனுடைய தாய் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆப்பிள் தோல் சீவி உனக்குக் கொடுத்தாள் என்றாயே, அன்றைக்கு நான் தொழுகை விரிப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் பேர் எனக்குத் தெரியாது. மொழி தெரியாது. அவள் பிள்ளைக்காகக் கேட்க எனக்கு என்ன துஆ தெரியும் என்றும் தெரியவில்லை, இருந்தாலும் கேட்டேன். அவள் உன்னிடம் ஒன்று சொன்னாளாம்: தினமும் ஏறுவதற்கு முன்னால் அவன் அவளுக்குப் போன் பண்ணுவானாம், அவன் இறங்கிவிட்டேன் என்று சொல்லுகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காதாம். அன்றைக்கும் பண்ணியிருக்கிறான். அதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நீயோ எதையும் சொல்ல மாட்டாய். சின்னப் பிள்ளையில் கழிமுகத்தில் குதித்து நீந்திவிட்டு, தலையைத் துவட்டி, வகிடெடுத்துச் சீவி, நல்ல பிள்ளையாக வந்து நிற்பாய். காதைத் திருகினால் உள்ளே சேறு இருக்கும். "எங்கடா போன?" "எங்கேயும் போகல உம்மா." அடி வாங்கினாலும் அதே பதில்தான். அடிக்குப் பயந்து நீ பொய் சொல்லவில்லை, நான் பயந்துவிடக் கூடாது என்று சொன்னாய். உன் வாப்பாவும் அப்படித்தான். கடையில் தண்ணீர் ஏறிய வருஷம் எனக்குத் தெரிந்தது மழை நின்ற பிறகு. இந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து என்னை நிம்மதியாக வைத்திருக்கிறீர்கள்! எனக்கு அந்த நிம்மதி வேண்டவே வேண்டாம்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஏறவே மாட்டேன் என்கிறாய். நான் நம்பவில்லை. ஒரு குளிர்காலம் தட்டுக் கழுவுவாய். இரண்டாவது குளிர்காலத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழுவுவாய். அப்புறம் ஒரு நாள் தலையைச் சீவிக்கொண்டு என் முன்னால் வந்து, கையில் தட்டைக் காட்டி, "கிச்சன்லதான் இருக்கேன் உம்மா" என்பாய். திருகிப் பார்க்க உன் காது எனக்கு எட்டாது. வேண்டாம் என்று எழுதிப் பார்த்தேன், வாப்பா. எழுதிய தாளைக் கிழித்தேன். மறுபடியும் எழுதினேன், அதையும் கிழித்தேன். போ என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: போ. அந்தப் பையன் செய்த வேலையைச் செய். நாலு பேர் அந்தப் பக்கம் போகாதபடிக்குக் கொடி நடு. ஆனால் ஏறுகிற ஒவ்வொரு நாளும், செருப்பு மாட்டுகிற போதே எனக்குச் சொல்லு. எந்தப் பக்கம் ஏறுகிறாய், யாரோடு ஏறுகிறாய், நேற்றுக் காற்று எப்படி இருந்தது, எல்லாவற்றையும் சொல்லு. லைன் இல்லாவிட்டால் லைன் வருகிற வரைக்கும் ஏறாதே. நீ இறங்கிவிட்டேன் என்று சொல்லுகிற வரைக்கும் நான் சாப்பிடாமல் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்னால் முடியும். அன்றைக்கு நீ கண் திறக்காமல் கிடந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன், வாப்பா. அது மட்டும் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம்.

உன் உம்மா